கலைந்த ராக் பேண்டின் இணையப் பக்கத்தை அழிக்காதீர்கள்: ஜப்பானிய இசை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானின் இசைப்பதிவு நிறுவனங்கள், கலைஞர் மேலாண்மை அலுவலகங்கள், இண்டீஸ் லேபிள் என்ற சிறு தனி வெளியீட்டகங்கள் நடத்துவோர் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்கள் நாட்டு ராக் இசைக்காக மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு ரசிகர் தளம் நடத்துகிறவன் நான். வேலையும் வீடும் போக மிச்சமிருக்கும் இரவுகளில் செய்கிற காரியம். வருமானம் கிடையாது, விளம்பரமும் வாங்குவதில்லை. இந்த மடலின் ஜப்பானிய வடிவம் உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக வரும். தமிழில் வெளியிடுவதற்குக் காரணம் வேறு. என்னைப்போல் இந்த வேலையில் இறங்கிவிட்ட சிலரும், அனிமே தொடக்கப் பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு ‘இதைப் பாடியது யார்?’ என்று தேட ஆரம்பித்திருக்கும் பலரும் நிலைமையைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

கேட்கப்போவது ஒன்றே ஒன்று. ஒரு பேண்ட், அதாவது இசைக்குழு, கலைந்தால் அதன் அதிகாரபூர்வ இணையப் பக்கத்தை அழிக்காதீர்கள்.

வழக்கமாக நடப்பது உங்களுக்கே தெரியும். கலைப்பு அறிவிப்பு வரும்; வெள்ளைப் பின்னணியில் நான்கு பத்தி, கீழே ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியே சொல்லும் நன்றி. கடைசிக் கச்சேரி நடக்கும். அதன் டிவிடி வரும். சில மாதங்கள் பக்கம் அப்படியே கிடக்கும். பிறகு ஒருநாள் திறந்தால் எதுவும் இருக்காது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அதே முகவரியில் சூதாட்ட விளம்பரமோ, முடி வளரும் மருந்தோ வந்து குந்தியிருக்கும். ஒரு முகவரியைப் புதுப்பிக்க ஆண்டுக்குச் சில ஆயிரம் யென் ஆகுமா? கடைசிக் கச்சேரியில் விற்ற கழுத்துத் துண்டு ஒன்றிரண்டின் விலை அது.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது? வெளியீட்டுத் தேதிகள், பாட்டு வரிசை, எந்த ஊரில் எந்த நாள் வாசித்தார்கள், எந்தப் பதிவில் யார் டிரம்ஸ், யார் எப்போது விலகினார். ஒரு பேண்ட் இருந்தது என்பதற்கான சாட்சி அவ்வளவுதான். அதை நீங்கள் எடுத்துவிட்டால், மிச்சம் எங்களைப் போன்றவர்கள் நகலெடுத்து வைத்திருப்பது மட்டும்தான். நாங்கள் நிறுவனம் அல்ல. எங்களுக்கு வேலை மாறும், கல்யாணம் ஆகும், தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் வழங்கிக் கட்டணம் கட்ட மறந்துபோகும். ரசிகர் தளங்களும் சாகின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய காலம் பத்திரமாக இருக்கிறது. புதிய காலம்தான் காணாமல் போகிறது.

1970களின் தொடக்கத்தில் உங்கள் நாட்டில் ஒரு சண்டை நடந்தது. ராக் பாட்டை ஜப்பானிய மொழியில் பாட முடியுமா, அதற்கு ஆங்கிலம்தான் சரியா என்று. ஹோசோனோ ஹருஓமி, ஓதாகி ஏய்இச்சி, மாட்சுமொதோ தகாஷி, சுசுகி ஷிகேரு ஆகிய நால்வர் சேர்ந்த ஹாப்பி எண்ட் பேண்ட் தாய்மொழியில் பாடியது. ராக் பாடகர் உச்சிதா யூயா முதலானோருக்கு அதில் நம்பிக்கையில்லை. 1971-இல் ‘நியூ மியூசிக் மேகசின்’ இதழ் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசச் செய்து அச்சிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ‘கஸேமாச்சி ரோமான்’ ஆல்பம் வெளிவந்து, வாதத்தைப் பாட்டாலேயே முடித்துவைத்தது என்பது என் கட்சி. யார் எந்தக் கட்சியாக இருந்தாலும், அன்று யார் என்ன பேசினார் என்பதை இன்றும் வரிவரியாகப் படிக்கலாம். காகிதத்தில் அச்சானதால் பிழைத்தது. அச்சாகும் நூல், இதழ், இசைத்தட்டு எதுவானாலும் ஒரு படி தேசிய நாடாளுமன்ற நூலகத்துக்குப் போக வேண்டும் என்பது உங்கள் நாட்டுச் சட்டம். அதற்கும் முந்தைய காலத்தையும் அந்த நூலகம் விட்டுவிடவில்லை. 1900 முதல் 1950 வரையிலான, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டுகளிலிருந்து சுமார் 50,000 ஒலிப்பதிவுகளை எண்முறையில் மாற்றிச் சேமித்திருக்கிறார்கள்.

ஆக, 1935-இல் பாடியவரைத் தேடலாம். 1971-இல் சண்டை போட்டவரைப் படிக்கலாம். 2003-இல் ஃபுகுஓகாவிலோ நகோயாவிலோ ஒரு லைவ் ஹவுஸில், அதாவது சின்னக் கச்சேரி அரங்கில், வாரம் தவறாமல் வாசித்த பேண்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வழியில்லை.

அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எப்படிப் பள்ளமாயின என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். 1999 பிப்ரவரியில் என்டிடி டோகோமோ என்ற கைபேசி நிறுவனம் ‘ஐ-மோட்’ இணையச் சேவையைத் தொடங்கியது. கணினி இல்லாத பிள்ளைகள்கூட மடக்கும் கைபேசியில் இணையத்துக்குள் வந்தார்கள். பேண்டுகளும் அங்கேயே கடை விரித்தன. மாதம் சுமார் 300 யென் கட்டினால் உறுப்பினர்களின் நாட்குறிப்பு, ஒத்திகை அறைப் படம், அடுத்த கச்சேரிக்கான முன்பதிவு எல்லாம் அந்தச் சின்னத் திரையில் வரும். முகப்பூச்சும் பகட்டான உடையுமாக மேடையேறும் விஷுவல் கெய் பாணி பேண்டுகளுக்கு இது உயிர்நாடி. ஒரு பாட்டு எப்படிப் பிறந்தது, கிட்டார்காரருக்கும் பாடகருக்கும் ஏன் மனத்தாங்கல், அந்த வருஷச் சுற்றுப்பயணத்தில் ஏன் ஒரு ஊர் ரத்தானது என்று எல்லாவற்றையும் அந்த நாட்குறிப்புகளில்தான் எழுதினார்கள். அவை கட்டணச் சுவருக்குப் பின்னால், கைபேசிக்கு மட்டும் என்று கட்டப்பட்ட பக்கங்கள். பக்கங்களை நகலெடுக்கும் எந்த இணையச் சேமிப்பகத்தின் தானியங்கியும் உள்ளே நுழைந்ததில்லை. சேவை மூடியபோது மொத்தமும் போயிற்று. 1971-இன் சண்டைக்கு இணையான எத்தனை சண்டைகள் அதில் இருந்தன என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

கணினிப் பக்கங்களின் கதையும் பெரிதாக மாறிவிடவில்லை. 2000களில் பேண்ட் பக்கம் என்றாலே ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் செய்ததுதான். உள்ளே போனதும் சிறகு உதிரும், இசை ஒலிக்கும், பட்டனைக் கண்டுபிடிக்கவே ஒரு நிமிடம் ஆகும். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். 2020 முடிவில் ஃபிளாஷுக்கான ஆதரவு நின்றது. சேமிப்பகத்தில் எடுத்துவைத்த பக்கங்களிலும் பல இன்று வெறும் சாம்பல் நிறச் சதுரம். நடுவில் 2019 மார்ச் வந்தது. என் போன்றவர்களுக்கு அது கெட்ட மாதம். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் 2015 வரை ஏற்றப்பட்ட இசைக் கோப்புகள் சேவையக மாற்றத்தில் தொலைந்துபோனதாகச் செய்தி வந்தது. சொந்தக் காசில் பதிவுசெய்து அங்கே மட்டும் போட்டுவைத்த பேண்டுகள் உண்டு. அதே மார்ச் 31-ஆம் தேதி ஜப்பானின் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. 1997-இலிருந்து ரசிகர்கள் இலவசமாகப் பக்கம் கட்டிக்கொண்ட இடம் அது. கச்சேரி அறிக்கை, செட் லிஸ்ட் (மேடையில் வாசித்த பாட்டுகளின் வரிசை), கிட்டார் குறிப்பு, யார் எந்த பேண்டிலிருந்து எங்கே போனார் என்ற வம்சாவளி மரம் என எல்லாம் அங்கே இருந்தன. மூடுவதற்கு முன்பு சிலர் ராப்பகலாக நகலெடுத்தார்கள். எடுத்தது போக விட்டதுதான் அதிகம்.

இன்னொன்றும் அந்த மாதமே நடந்தது. டென்கி குரூவ் ராக் பேண்ட் அல்ல, மின்னிசை இருவர், ஆனாலும் சொல்லவேண்டும். இருவரில் ஒருவர் போதைப்பொருள் வழக்கில் கைதான மறுநாளே அவர்களுடைய எல்லா ஆல்பங்களும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இணைய விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் நின்றன. முப்பது ஆண்டு வேலை ஒரே நாளில் காணாமல் போயிற்று. தப்பே செய்யாத மற்றவரின் வேலையும் சேர்த்துத்தான். ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2020 கோடையில் பாட்டுகள் திரும்பி வந்தன. திரும்பி வந்ததற்கு நன்றி. ஆனால், ‘பிரச்சினை என்றால் முதலில் அழி’ என்ற பழக்கம் எவ்வளவு இயல்பாக உங்கள் கைக்கு வருகிறது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

இனி, ரசிகர் தளம் என்று நாங்கள் செய்வதைப் பற்றி. ‘படத்தையும் பாட்டையும் திருடிப் போடுகிறவர்கள்’ என்ற எண்ணம் உங்கள் அலுவலகங்களில் சிலருக்கு இருப்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட தளங்களும் இருக்கின்றன. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. எங்கள் வேலை பெரும்பாலும் ஒரு குறுந்தட்டுப் பெட்டியின் முதுகைப் படிப்பது. பின்னட்டையின் கீழ் ஓரத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் சில எண்கள் இருக்கும். லேபிளின் சுருக்கெழுத்தோடு பட்டியல் எண். வெளியான தேதி. அதன் பக்கத்தில் ஒரு கன்ஜி (ஜப்பானியர் பயன்படுத்தும் சீன வடிவ) எழுத்து, அதையொட்டி இன்னொரு தேதி: அந்த நாள் வரைக்கும் கடைக்காரர் விலையைக் குறைத்து விற்கக் கூடாது என்று பொருள். நூல், நாளிதழ் போல இசைத்தட்டுக்கும் வெளியிட்டவர் சொல்லும் விலையே விலை என்று உங்கள் சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது. வாடகைக் கடைக்கு எப்போதிலிருந்து விடலாம் என்பதற்கும் ஒரு குறி. இத்தனையும் படித்துவிட்டால், இது முதல் அச்சா, மறு அச்சா, முதல் அச்சோடு மட்டும் வந்த கூடுதல் பாட்டு இதில் உண்டா என்று சொல்லிவிடலாம். முதுகில் சுற்றிவரும் ஓபி என்ற காகிதப் பட்டையை வாங்கியவர் கிழித்துப் போட்டிருந்தால் பாதித் தகவல் அதோடு போயிருக்கும். அதனால்தான் பழைய தட்டுக் கடைகளில் பட்டையோடு இருக்கும் தட்டுக்குத் தனி விலை.

அதற்கடுத்தது பெயர். ஒரே கன்ஜிப் பெயரை இரண்டு மூன்று விதமாக வாசிக்கலாம். உறுப்பினர் தானே எப்படிச் சொல்கிறார் என்று பார்க்காமல் எழுதினால் ஆள் மாறிவிடுவார். மேடைப்பெயரை பேண்டுக்கு பேண்ட் மாற்றிக்கொள்பவர்கள் வேறு. ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சில சிங்கிள் தட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவர், பேண்டில் சேராத துணைக் கலைஞராக, ‘சப்போர்ட்’ என்ற கணக்கில் வருவார். கையேட்டில் பெயர் இருக்காது. எங்கள் பழைய சினிமா இசைத்தட்டுகளிலும் அப்படித்தான். இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும். உருகி உருகி வயலின் வாசித்தவர் யார் என்று எங்கும் இருக்காது. அந்தப் பெயர்களைத் தேடி அலைந்த ரசிகர்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், டிரம்ஸ்காரர் பெயர் இல்லாத கையேட்டைப் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க முடிவதில்லை.

ஒருமுறை அப்படி ஒரு சிங்கிளில் வாசித்தவர் யார் என்று கேட்டு ஒரு மேலாண்மை அலுவலகத்துக்கு எழுதினேன். பெயர் சொல்லவில்லை, யாரையும் குற்றம் சொல்வது நோக்கமல்ல. மிக மரியாதையான பதில் வந்தது: தனிப்பட்ட விசாரணைகளுக்குப் பதிலளிப்பதில்லை. அந்த பேண்டின் பக்கம் அதற்கு முன்பே மூடியாகிவிட்டது. கடைசியில் பழைய இதழ் ஒன்றின் பேட்டியில், போகிறபோக்கில், பாடகர் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தார். இதழ் பழைய புத்தகக் கடையில் ஒசாகாவிலிருந்து நண்பர் ஒருவர் வாங்கி அனுப்பியது. உங்கள் அலுவலக அலமாரியில் பதிவுக் குறிப்பேடு ஒன்று இருந்திருக்கும்; இரண்டு நிமிட வேலை.

லைவ் ஹவுஸ் உலகம் இதைவிட மோசம். ஷின்ஜுகு லாஃப்ட் 1976-இலிருந்து நடக்கிறது. ஷிமோகிதசாவாவின் ஷெல்டர் 1991-இலிருந்து. இவை பெயர்பெற்றவை. மற்ற நூற்றுக்கணக்கான நிலவறை அரங்குகளில், வளரும் பேண்டுகள் ‘நோர்மா’ கட்டி மேடையேறுகின்றன. இத்தனை டிக்கெட் நீங்களே விற்றுத் தரவேண்டும்; விற்காவிட்டால் மீதியைக் கைக்காசிலிருந்து வையுங்கள் என்பது கணக்கு. பகலில் வேலை பார்த்து, அந்தக் காசைக் கட்டி, கச்சேரி முடிந்ததும் வாசலில் நின்று டெமோ டேப், அதாவது தாங்களே பதிவுசெய்த மாதிரி ஒலிநாடா, கொடுத்தார்கள். விஷுவல் கெய்யில் 1990களின் டேப்புகள் பலவும் கையால் அட்டை வெட்டி ஒட்டி, இத்தனை பிரதிதான் என்று எண் போட்டவை; சிலது அந்த ஒரு இரவுக்கு மட்டும் இலவசம். நூலகத்துக்குப் போகாது, கடைப் பட்டியலில் வராது. வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன ரசிகை பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கச்சேரியில் படம் எடுக்கவோ ஒலிப்பதிவு செய்யவோ கூடாது என்பது உங்கள் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றச் சொல்லமாட்டேன். கைபேசித் திரைகளின் காடு இல்லாமல் மேடையைப் பார்க்கிற பாக்கியத்தை மற்ற நாட்டுக்காரர்கள் இழந்துவிட்டோம். ஆனால் அதன் விளைவு என்னவென்றால், என்ன வாசித்தார்கள் என்பதற்கு ரசிகர் ஒருவர் ரயிலில் போகும்போது நினைவிலிருந்து எழுதிவைத்த செட் லிஸ்ட் மட்டுமே ஆதாரம். அதையும் ஜியோசிட்டீஸோடு கழுவிவிட்டாயிற்று.

இப்படிச் சேர்த்துவைப்பதால் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கேளுங்கள்.

லெ ராலிஸ் தெனுதே என்ற பேண்ட் 1967-இல் கியோத்தோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. காதைக் கிழிக்கும் ஒலித்திரும்பலின் (ஃபீட்பேக்) நடுவே மெல்லிய குரலில் பாடும் மிசுதானி தகாஷி அதன் மையம். தொடக்ககால பேஸ்காரர் 1970-இல் ‘யோதோ’ என்ற ஜப்பானியப் பயணிகள் விமானத்தைக் கடத்தியவர்களோடு சேர்ந்து வடகொரியா போய்விட்டார். இப்படியொரு கதை இருந்தால் எந்த நிறுவனமும் விட்டிருக்காது. ஆனால் இந்த பேண்ட் எதையும் வெளியிட மறுத்தது. 1991-இல் மூன்று குறுந்தட்டுகள் வந்தன, கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1996-க்குப் பிறகு பேண்ட் மேடையேறவில்லை. அடுத்த கால் நூற்றாண்டு அந்த இசை உயிரோடிருந்தது திருட்டுப் பதிவுகளிலும், எந்த நாடா எந்த இரவில் எடுத்தது என்று மல்லுக்கட்டிய ரசிகர்களின் பட்டியல்களிலும்தான். திருட்டுப் பதிவை விற்றவர்களை நான் ஆதரிக்கவில்லை. பட்டியல் போட்டவர்களைப் பற்றிச் சொல்கிறேன். 2021-இல் அதிகாரபூர்வப் பக்கம் ஒன்று திடீரென முளைத்து, மிசுதானி 2019-இலேயே காலமாகிவிட்டார் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டிலிருந்து முறையான மறுவெளியீடுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. வாங்க உலகம் முழுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தை எந்த விளம்பரமும் கூட்டவில்லை.

ஃபிஷ்மன்ஸ் பேண்டின் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1996-இல் ‘லாங் சீசன்’ வெளியானபோது, 35 நிமிடத்துக்கு ஒரே பாட்டு. பெரிய விற்பனை இல்லை. 1998 டிசம்பர் 28 அன்று அகாசாகா பிளிட்ஸில் நடந்த கச்சேரிதான் அதன் பாடகர் சாட்டோ ஷின்ஜியின் கடைசி மேடையாயிற்று. 1999 மார்ச்சில், 33 வயதில், போய்விட்டார். அந்தக் கச்சேரியின் பதிவு பல ஆண்டுகள் கழித்து, ஜப்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாதவர்களிடம், இணையத்தில் ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போயிற்று. இன்று உலகின் மிகச் சிறந்த கச்சேரிப் பதிவுகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். கேட்டவர்கள் அடுத்து என்ன செய்வார்கள்? யார் இவர்கள், வேறு என்ன பாடினார்கள் என்று தேடுவார்கள். அந்தத் தேடலுக்குப் பதில் எங்காவது எழுதிவைத்திருக்க வேண்டுமல்லவா?

கலைந்த பேண்ட் என்பதும் உங்கள் ஊரில் முடிந்துபோன கதை இல்லை. எக்ஸ் ஜப்பான் 1997-இன் கடைசி இரவில் டோக்கியோ டோமில் கலைந்து, பத்து ஆண்டில் மறுபடி கூடியது. லூனா சீ 2000-இல் திரையை இறக்கி 2010-இல் ஏற்றியது. ஃபுகுஓகாவின் நம்பர் கேர்ள் 2002-இல் கலைந்து 2019-இல் திரும்பி, 2022 டிசம்பரில் இரண்டாம் முறை கலைந்தது. 2002-க்கும் 2019-க்கும் இடையில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை அந்த டிக்கெட்டுக்கு முண்டியடித்தது. அவர்களுக்கு அந்தப் பாட்டுகளை யார் அறிமுகப்படுத்தி வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

சரி, ஏன் அழிக்கிறீர்கள்? எனக்குப் புரிகிற காரணங்கள் இரண்டு.

முதலாவது உரிமை. ஒப்பந்தம் முடிந்ததும் படம் எடுத்தவர், அட்டை வரைந்தவர், பாட்டு வெளியிட்டவர் என்று உரிமை பல கைக்குப் போய்விடுகிறது. பக்கத்தை வைத்திருந்தால் யாராவது கேட்பார்கள் என்ற பயம். 2018 முடிவில் பதிப்புரிமைக் காலம் 50-இலிருந்து 70 ஆண்டாக நீண்டபிறகு இந்தப் பயம் கூடியிருக்கும். ஆனால் வெளியீட்டுத் தேதிக்குப் பதிப்புரிமை கிடையாது. பாட்டு வரிசைக்கும், இன்னார் பேஸ் வாசித்தார் என்ற உண்மைக்கும், இன்ன நாளில் இன்ன அரங்கில் கச்சேரி நடந்தது என்ற செய்திக்கும் கிடையாது. படங்களை எடுத்துவிடுங்கள். பாடல் வரிகளை எடுத்துவிடுங்கள். நாங்களும் வரிகளை முழுதாகப் போடுவதில்லை, பாடல் உரிமைகளை நிர்வகிக்கும் ஜாஸ்ராக் அமைப்பின் விதிகளை அறிவோம். வெறும் எழுத்தாக ஒரே ஒரு பக்கம் மிஞ்சினால் போதும்.

இரண்டாவது காரணம் மனிதர்கள். இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். பேண்டை விட்டுப் போனவர் இன்று ஏதோ ஒரு ஊரில் கணக்கராகவோ, செவிலியராகவோ, அப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டோ இருக்கலாம். இருபது வயதில் பூசிய முகப்பூச்சை நாற்பத்தைந்து வயதில் அலுவலகத்தில் யாரோ தேடிக் காட்டுவதை அவர் விரும்பாமல் இருக்கலாம். அந்த விருப்பத்துக்கு மேலே எங்கள் ஆர்வம் இல்லை. ஓய்வுபெற்ற எவருடைய இயற்பெயரையும் ஊரையும் இப்போதைய வேலையையும் என் தளத்தில் போடுவதில்லை. ரசிகர் உலகில் இதைத் தோண்டி எடுத்துப் பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. படத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டால், கேட்டவர் அவர்தான் என்று உறுதியானதும் எடுத்துவிடுவேன். ஆனால் மேடைப்பெயரை எடுக்கமாட்டேன். அந்த ஆல்பத்தில் அந்தப் பெயரில் ஒருவர் வாசித்தார். அதை அழித்தால் கூட வாசித்த மூன்று பேரின் வரலாறும் ஓட்டையாகும். அவர்களில் யாரோ ஒருவர் அதை இன்னும் நெஞ்சில் வைத்திருக்கக்கூடும். இந்த எல்லைக்கோட்டை இன்னும் சரியாகப் போட வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பேண்ட் உறுப்பினர்களை நேரே தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

இனிக் காரியத்துக்கு வருவோம். நீங்களே காலகாலத்துக்கும் பக்கத்தை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கென்றே உங்கள் நாட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தேசிய நாடாளுமன்ற நூலகம் 2002-இலிருந்து ‘வார்ப்’ என்ற பெயரில் இணையப் பக்கங்களைச் சேமிக்கிறது. அரசுத் துறைகள், உள்ளாட்சிகள் போன்ற பொது அமைப்புகளின் பக்கங்களை 2010-இலிருந்து சட்டப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். தனியார் பக்கம் என்றால் உரிமையாளர் அனுமதி தரவேண்டும். அனுமதி தந்துவிட்டால் நூலகம் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பிறகு முகவரியைக் கைவிட்டாலும் கவலையில்லை. கலைப்பு அறிவிப்பு தயாராகும் வாரத்திலேயே இதையும் செய்யச் சொல்கிறேன். அறிவிப்பு எழுதுகிற அதே கையால் எழுதக்கூடிய இன்னொரு கடிதம், வேறென்ன?

அதுவும் முடியாது என்றால், மூடப்போகும் தேதியை முன்கூட்டிச் சொல்லுங்கள். மூன்று மாதம் போதும். மீதியை ரசிகர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜியோசிட்டீஸ்கூட ஆறு மாதம் அவகாசம் தந்தது.

அலமாரியில் பதிவுக் குறிப்பேடு இருந்தால், யார் எதில் வாசித்தார் என்பதை ஒரு தாளில் எழுதி வெளியிடுங்கள். அச்சிட மறந்துபோன ‘சப்போர்ட்’ கலைஞர்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதை நெருங்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை. இண்டீஸ் லேபிள் நடத்தியவர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள்: வீட்டு மாடியில் கிடக்கும் டெமோ டேப் பெட்டியை, வீடு மாறும்போது குப்பையில் போடும் முன், அட்டையையாவது படம் எடுத்து யாரிடமாவது கொடுங்கள். கேட்பாரற்றுப் போயிற்று என்று நீங்கள் நினைக்கும் பேண்டுக்கு பிரேசிலில் ஒருவர், போலந்தில் ஒருவர் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார். நான் மிகைப்படுத்தவில்லை. எங்களுக்குள் நடக்கும் கடிதப் போக்குவரத்தைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

எங்கள் பக்கத்திலிருந்து தரக்கூடியதும் இருக்கிறது. நீங்கள் மூடிவிட்ட பல பக்கங்களின் நகல் எங்களிடம் சிதறிக் கிடக்கிறது. உரிமையாளர் நீங்கள் என்று காட்டினால், நிபந்தனை ஏதுமில்லாமல் திருப்பித் தருகிறோம். பட்டியல்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மறுவெளியீட்டுக் கையேட்டில் பயன்படுத்தினால் எங்கள் பெயரைப் போட வேண்டியதில்லை. டிரம்ஸ்காரர் பெயரைப் போட்டால் போதும்.

பதிலை ஜப்பானிய மொழியிலேயே எழுதலாம். சனி, ஞாயிறுகளில்தான் உட்கார்ந்து படித்துப் பதில் போட முடியும், பொறுத்துக்கொள்ளவும். இந்த ஆண்டு கலையப்போவதாக ஏற்கெனவே அறிவித்துவிட்ட பேண்டுகளை வைத்திருக்கும் அலுவலகங்கள் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு பட்டியல்காரன்